கறிக்கடைக் கட்டையும் கொலிஸ்டினும்

டிஸ்கி: நான் பொட்டி தட்டிப் பொழைக்கிறவன். டாக்டரும் இல்லை, கால்நடை டாக்டரும் இல்லை. இன்ஜினியரிங் முடிச்ச பயலுக்கு உலகத்துல எல்லா விசயத்தைப் பத்தியும் ஒரு கருத்து இருந்தே தீரும்ங்கிற பொது விதிப்படி இந்தப் பதிவு :-) சைவக்காரங்க "இது நமக்கில்லை"ன்னு தாண்டிப் போயிடாதீங்க. உங்களுக்கும் இதுல பங்கு இருக்கு, கடைசி வரைக்கும் வாங்க.

எங்க உத்தமபாளையத்துல ப்ராய்லர் கோழியைப் பத்தி யாரைக் கேட்டாலும் ஒரே பதில்தான். "அதெல்லாம் ஊசி போட்டு வளக்குறாய்ங்கப்பா." சொல்லிட்டு அரைக் கிலோ தோல் உரிச்சது வாங்கிட்டுப் போவாங்க. ஊசின்னா ஹார்மோன் ஊசியாம். அதனாலதான் பொம்பளப் புள்ளைக சீக்கிரம் வயசுக்கு வருதாம், பயலுகளுக்குத் தொப்பை போடுதாம். வாட்ஸப்ல வாரத்துக்கு ஒரு தடவை இது சுத்தி வருது.

கொஞ்சம் கணக்குப் போட்டுப் பாருங்க மக்களே. ஒரு கொட்டகையில அஞ்சாயிரம் கோழி. கோழிக்கான வளர்ச்சி ஹார்மோன் ஒரு புரதம், தீவனத்துல கலந்தா செரிச்சுப் போயிரும், ஊசியாத்தான் போட்டாகணும். திரும்பத் திரும்ப அஞ்சாயிரம் கோழியைப் பிடிச்சு ஊசி போட எந்தப் பண்ணைக்காரருக்கு ஆள் கிடைக்குது? வெங்காயம் அறுக்கவே ஆள் கிடைக்காத ஊரு இது. ப்ராய்லர் 40 நாளுக்குள்ள ரெண்டு கிலோ ஆகுறதுக்குக் காரணம், பல தலைமுறையா வேகமா வளர்ற கோழியாப் பாத்துப் பாத்து இனம் சேர்த்ததும், கணக்காக் கலந்த தீவனமும்தான். ஹார்மோன் கதையை இத்தோட விட்டுருங்க.

என் கோபமே அதுதான். இல்லாத ஹார்மோனுக்குப் பயந்து பயந்து, இருக்கிற பிரச்சனையை நாம திரும்பிக்கூடப் பாக்கலை. இருக்கிற பிரச்சனையோட பேரு ஆன்டிபயாட்டிக்.

இது ஒண்ணும் நம்மூருக்காரன் கண்டுபிடிச்ச வித்தை இல்லை. அமெரிக்காவுல லெடர்லின்னு ஒரு மருந்துக் கம்பெனி. அங்க தாமஸ் ஜூக்ஸ், ராபர்ட் ஸ்டோக்ஸ்டாட்னு ரெண்டு பேரு 1940-களோட கடைசியில கோழிக்குஞ்சுகளுக்கு என்னென்னத்தையோ குடுத்து ஆராய்ச்சி பண்ணிட்டிருந்தாங்க. ஆரியோமைசின் தயாரிச்சது போக மிச்சம் இருந்த சக்கையைத் தின்ன குஞ்சுக மத்ததைவிட வேகமா எடை போட்டுச்சு. அவ்வளவுதான், உலகம் முழுக்க தீவன மூட்டைக்குள்ள மருந்து போயிருச்சு. நோய்க்கு இல்லை, எடைக்கு! இது ஆபத்துன்னு உடனே எச்சரிக்கையும் வந்துச்சு. 1969-லயே பிரிட்டன்ல ஸ்வான் கமிட்டி, மனுசனுக்கு வைத்தியம் பாக்குற மருந்தை ஆடு மாடு கோழிக்கு எடை கூட்டப் போடாதீங்கன்னு எழுதிக் குடுத்துச்சு. ஐரோப்பிய யூனியன் முழுக்க அதை நிறுத்துனது 2006 ஜனவரியில. ஒரு கமிட்டி அறிக்கைக்கும் நடவடிக்கைக்கும் நடுவுல 37 வருசம். நம்ம ஊரு ஆபீஸ் ஃபைல் எல்லாம் எவ்வளவோ வேகம்.

சரி, கோழிக்கு மருந்து குடுத்தா நமக்கு என்ன? அந்தக் கோழியோட குடல்ல கோடிக்கணக்குல பாக்டீரியா இருக்கு. தினமும் கொஞ்சம் கொஞ்சமா மருந்து தண்ணியில வந்துட்டே இருந்தா, பலவீனமானது சாகும், தாக்குப் பிடிக்கிறது தங்கும், பெருகும். இதோட நின்னா பரவாயில்லை. இந்த எதிர்ப்புச் சக்திக்கான ஜீன் பல நேரம் பிளாஸ்மிட்னு ஒரு சின்ன வளையத்துல இருக்கும். பாக்டீரியா தன்னோட குட்டிக்கு மட்டும் இல்லாம, பக்கத்து பாக்டீரியாவுக்கும் அதைக் காப்பி பண்ணிக் குடுத்துரும். வேற ஜாதி பாக்டீரியாவா இருந்தாலும் குடுக்கும் (நம்ம ஆளுகளைவிடப் பரந்த மனசு). பெரியகுளத்துல ஒருத்தன் எழுதுன கோடை பென்டிரைவ்ல போட்டு கம்பம் வரைக்கும் எல்லாப் பயலும் ஓட்டுற மாதிரி.

இப்ப கொலிஸ்டின் கதைக்கு வருவோம். இது 1950-கள்ல பயன்பாட்டுக்கு வந்த பழைய மருந்து. சிறுநீரகத்தைக் கெடுக்குதுன்னு மனுச வைத்தியத்துல ஓரமா ஒதுக்கி வச்சிருந்தாங்க. அப்புறம் புது மருந்தெல்லாம் ஒவ்வொண்ணா வேலை செய்யாமப் போக, ஐசியூ டாக்டருங்க வேற வழியில்லாம இதைத் தூசி தட்டி எடுத்தாங்க. கடைசி ஆயுதம். ஆனா மனுசன் ஒதுக்கி வச்சிருந்த அந்த இடைவெளியில கால்நடை உலகம் இதை டன் கணக்குல பயன்படுத்திட்டு இருந்துச்சு. 2015 நவம்பர்ல லான்செட் குழும இதழ் ஒண்ணுல சீன ஆராய்ச்சியாளர்கள் ஒரு கட்டுரை போட்டாங்க. பன்றிகள்ல, கடையில விக்கிற பச்சைக் கறியில, ஆஸ்பத்திரி நோயாளிகள்கிட்டன்னு மூணு இடத்துலயும் ஒரே ஜீன் கிடைச்சுச்சு. எம்சிஆர்-1. கொலிஸ்டினை முறியடிக்கிற ஜீன், அதுவும் பிளாஸ்மிட்ல. சீனா 2017-ல தீவனத்துல எடைக்காகக் கொலிஸ்டின் கலக்குறதை நிறுத்திருச்சு.

நம்ம நாட்டுல? 2018 ஜனவரியில தி இந்துவும் லண்டன்ல இருக்கிற பீரோ ஆஃப் இன்வெஸ்டிகேட்டிவ் ஜர்னலிசமும் சேர்ந்து, இந்தியாவுக்குள்ள நூத்துக்கணக்கான டன் கொலிஸ்டின் கால்நடைக்குன்னு வருது, பெரும்பாலும் கோழிக்குன்னு வெளியே கொண்டு வந்தாங்க. 2019 ஜூலையில மத்திய சுகாதார அமைச்சகம், கறி முட்டைக்காக வளக்குற விலங்குகள், கோழி, மீன் பண்ணை, தீவனம் எதுக்கும் கொலிஸ்டின் கூடாதுன்னு தடை போட்டுச்சு. இந்தத் தடைக்காக மனசாரக் கைதட்டணும். திட்டுறதுக்கு மட்டும் பதிவு போடுறவன்னு பேரு வேண்டாம்.

ஆனா கொலிஸ்டின் ஒண்ணு மட்டுமா மருந்து? 2014-ல டெல்லியில சிஎஸ்இ அமைப்பு கடைகள்ல இருந்து 70 கோழி மாதிரி எடுத்துப் பாத்தாங்க. 40 சதவீதத்துல ஆன்டிபயாட்டிக் மிச்சம் இருந்துச்சு. என்ரோஃப்ளாக்சசின், டாக்சிசைக்ளின் எல்லாம் அதுல உண்டு. என்ரோஃப்ளாக்சசின்னு பேரு புதுசா இருக்கா? அது உடம்புக்குள்ள போனா ஒரு பகுதி சிப்ரோஃப்ளாக்சசினா மாறும். வயித்துப் போக்குக்கு நாம மெடிக்கல்ல வாங்கி முழுங்குறோமே, அதே சிப்ரோதான். அமெரிக்காவுல இதே காரணத்துக்காக 2005-லயே கோழிக்கு என்ரோஃப்ளாக்சசின் கூடாதுன்னு அனுமதியை ரத்து பண்ணிட்டாங்க. 2017-ல பஞ்சாப்ல 18 பண்ணைகள்ல பண்ண ஆய்வு ஒண்ணு வெளிவந்துச்சு. பல மருந்துகளை ஒரே நேரத்துல உடைக்கிற ஈஎஸ்பிஎல் வகை ஈ.கோலை, முட்டைக்கோழிப் பண்ணைகள்ல 42 சதவீதம். கறிக்கோழிப் பண்ணைகள்ல 87.

டெல்லி பஞ்சாப்தானேன்னு நினைக்காதீங்க. சென்னையில டாக்டர் அப்துல் கஃபூரும் அவர் கூட இருக்கிறவங்களும் கடைகள்ல இருந்து பச்சையா விக்கிற உணவுப் பொருட்களை எடுத்துச் சோதிச்சாங்க. கிட்டத்தட்ட பாதி மாதிரிகள்ல கொலிஸ்டினுக்கு மசியாத பாக்டீரியா. அந்த லிஸ்ட்ல கறி, மீன் மட்டும் இல்லை, காய், பழமும் இருந்துச்சு. சைவக்காரங்களே, இதுக்குத்தான் முதல்லயே நிக்கச் சொன்னேன். கோழி எரு எங்க போகுது? தோட்டத்துக்குத்தான். எங்க பக்கம் கத்தரி, தக்காளி, திராட்சைன்னு எதுக்குப் போட்டாலும் லோடு லோடா எருதான் இறங்குது.

இந்த இடத்துல ஒரு விசயத்தை அழுத்திச் சொல்லணும். இதை முக்கால்வாசிப் பேரு குழப்பிக்கிறாங்க, செய்தி எழுதுறவங்களும் சேர்த்து. கறியில மருந்து மிச்சம் இருக்கிறது வேற, மருந்துக்கு மசியாத பாக்டீரியா இருக்கிறது வேற. வெட்டுறதுக்குச் சில நாள் முன்னாடி மருந்தை நிறுத்திட்டா, கோழி உடம்புல இருந்து மருந்து வெளியேறிரும். லேப்ல சோதிச்சா சுத்தமா இருக்கும். ஆனா அந்த மருந்து வளர்த்துவிட்ட பாக்டீரியா அங்கயேதான் இருக்கும். அதுக்கு யாரும் கேட்டைத் திறந்து விடலை. நம்ம எஃப்எஸ்எஸ்ஏஐ இந்த மிச்ச மருந்து அளவை 2019-ல இருந்து கட்டுப்படுத்துது, 2025 ஏப்ரல் 1 முதல் விதிகளை இன்னும் இறுக்கி, கூடவே கூடாதுங்கிற மருந்துப் பட்டியலையும் நீளமாக்கியிருக்கு. நல்ல விசயம்தான். இருந்தாலும் அளக்குறது மருந்தைத்தான், பாக்டீரியாவை இல்லை. ஆன்லைன்ல கூடுதல் காசு வாங்கிட்டு விக்கிற பாக்கெட் கோழியில "ஆன்டிபயாட்டிக் மிச்சம் இல்லை"ன்னு போட்டிருந்தா, "ஆன்டிபயாட்டிக்கே குடுக்காம வளத்தது"ன்னு அர்த்தம் இல்லை. ரெண்டுக்கும் நடுவுல ஒரு லாரியே போகலாம்.

இதெல்லாம் நான் ஏன் உக்காந்து படிச்சேன்னு கேப்பீங்க. ரெண்டு வருசம் முன்னாடி அம்மாவுக்குக் காய்ச்சல், உடம்பு தூக்கிப் போடுற மாதிரி குளிர். யூரின் இன்ஃபெக்சன்னு சொல்லி மாத்திரை, அப்புறம் வேற மாத்திரை, அப்புறம் ஊசி. எதுக்கும் அடங்கலை. மதுரையில ஒரு ஆஸ்பத்திரியில சேர்த்தோம். மூணாவது நாள் கல்ச்சர் ரிப்போர்ட் வந்துச்சு. கிருமி ஈ.கோலை. கீழ வரிசையா மருந்துப் பேரு, பக்கத்துல ஒரு எழுத்து. 'ஆர்'னா மசியாது, 'எஸ்'னா மசியும். ஆர், ஆர், ஆர், ஆர்... சாஃப்ட்வேர்ல பில்ட் ஃபெயில் ஆகி சிவப்பா வரிசை வரும் பாருங்க, அதைப் பாத்துப் பழகுன கண்ணுதான். ஆனா இது அம்மா. கடைசியில மூணே மூணு எஸ். மெரோபெனம்னு ஒரு ஊசி, நாளைக்கு மூணு வேளை, பத்து நாள். பொழச்சுக்கிட்டாங்க. கடைசி எஸ்ஸுக்கு நேரா இருந்த பேரு கொலிஸ்டின். அதுக்குப் பிறகு என்ன டாக்டர்னு கேட்டேன். அவர் ரிப்போர்ட்டை மடிச்சு ஃபைல்ல வச்சாரு, பதில் சொல்லலை.

அம்மா ஒரு வேண்டுதலுக்காகக் கறியை விட்டுப் பன்னெண்டு வருசம் ஆச்சு. ஆனா ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை எங்களுக்காகக் கோழியைக் கழுவுறது, மஞ்சள் போட்டுப் பெரட்டுறது, எல்லாமே அவங்கதான். அந்தக் கிருமி கோழியில இருந்துதான் வந்துச்சுன்னு நான் சொல்ல மாட்டேன். அப்படி யாராலயும் சொல்ல முடியாது. ஆஸ்பத்திரியில இருந்து வந்திருக்கலாம், தண்ணியில இருந்து வந்திருக்கலாம், மெடிக்கல்ல சீட்டு இல்லாம வித்த மாத்திரை வளர்த்துவிட்டதா இருக்கலாம். ஆனா தின்னாத்தான் ஆபத்துங்கிற நினைப்பு மட்டும் அன்னியோட போச்சு.

உண்மையில தின்னா ஆபத்து கம்மி. நம்ம குழம்பு கொதிக்கிற கொதிக்கு எந்த பாக்டீரியாவும் நிக்காது. 75 டிகிரியே போதும், நம்மாளுங்க எலும்பு கழண்டு வர்ற வரைக்கும் விட மாட்டாங்க. ஆபத்து எல்லாம் அடுப்புல ஏத்துறதுக்கு முன்னாடி. பிரியாணிக்குக் கோழி வெட்டுன அதே பலகையில, அதே கத்தியில தயிர்ப் பச்சடிக்கு வெங்காயம் நறுக்குறோம். கோழி வெந்துரும், வெங்காயம் வேகாது. குழாயைத் திறந்து விட்டு கோழியைக் கழுவுனா தெறிக்கிற தண்ணி பக்கத்துல கவுத்து வச்ச தம்ளர் வரைக்கும் போகும். வெள்ளைக்காரன் கழுவவே கழுவாதேங்கிறான். அவன் கறி பாக்கெட்ல வருது, நம்ம கறி ரத்தமும் எலும்புத் தூளும் இறகுமா வருது, கழுவாம எப்படி? பாத்திரத்துல தண்ணி ஊத்தி, தெறிக்காம அலசி, சிங்க்கையும் கையையும் சோப்புப் போட்டுக் கழுவுனாப் போதும். மஞ்சள் தூள் போட்டா கிருமி செத்துரும்னு நம்பிட்டு இருந்தா அதை நம்பாதீங்க. ஃப்ரீசர்ல வச்சாலும் சாகாது, தூங்கும்.

கடையைப் பாப்போம். நான் கறி வாங்குற கடையில கோழியை அறுத்துக் கூம்புல கவுத்து, வெந்நியில முக்கி, இறகு பிடுங்குற மிசின்ல போட்டு, குடலை உருவி, வட்டமா ஒரு புளியங்கட்டை மேல போட்டு வெட்டுவாங்க. காலைல முதல் கோழி முக்குன தண்ணியிலதான் மதியம் வரைக்கும் எல்லாக் கோழியும் முங்கும். ஒரு கோழி குடல்ல இருந்தது எல்லாக் கோழி மேலயும் ஒரு கோட்டிங். அந்தக் கட்டையில வருசக்கணக்கா வெட்டி வெட்டி நடுவுல பள்ளம் விழுந்திருக்கு, பள்ளத்துல தேங்குறது என்னன்னு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆட்டுக்கறியும் அதே கட்டைதான் சில கடையில. "மட்டன்ல மருந்து இல்ல, அதான் மட்டன் மட்டும்தான்"னு பெருமையாச் சொல்ற அண்ணன்மாரே, கட்டையைப் பாத்தீங்களா?

கடைக்காரரைக் குத்தம் சொல்றதுக்கு இல்லை. "தண்ணியை அடிக்கடி மாத்தலாம்ல பாய்"னு ஒருநா கேட்டேன். "தம்பி, கேஸ் என்ன வெல? மாத்துனா கிலோவுக்கு அஞ்சு ரூவா ஏத்தணும். ஏத்துனா நீங்களே அடுத்த கடைக்குப் போயிருவீங்க"ன்னாரு. போவோம்தான்.

பண்ணைக்காரருக்கும் இதே கதைதான். எங்க பக்கமாகட்டும், பல்லடம் பக்கமாகட்டும், பெரும்பாலும் ஒப்பந்த வளர்ப்பு. குஞ்சு கம்பெனி குடுக்கும், தீவனம் கம்பெனி குடுக்கும், மருந்தும் கம்பெனி குடுக்கும். கொட்டகையும் உழைப்பும்தான் விவசாயியோடது, கிலோவுக்கு இவ்வளவுன்னு வளர்ப்புக்கூலி. மூட்டைக்குள்ள என்ன இருக்குன்னு அவருக்கே தெரியாது. தனியா வளக்குறவரு பாடு இன்னும் மோசம். நாலு கோழி தலையைத் தொங்கப் போட்டா போதும், தீவனக் கடையில ஒரு பாட்டில் வாங்கித் தண்ணியில கலந்துருவாரு. வெள்ளைக்கழிச்சல் வைரஸால வர்றது, அதுக்கு ஆன்டிபயாட்டிக் குடுத்து ஒரு பிரயோஜனமும் இல்லை. தடுப்பூசிதான் வழி. ஆனா அஞ்சாயிரம் கோழி கண்ணு முன்னாடி சாகப் போகுதுன்னா சும்மா உக்காந்திருக்க யாரால முடியும்?

நாட்டுக்கோழி தின்னா தப்பிச்சோம்னு ஒரு கூட்டம் இருக்கு. வீட்டுக்குப் பின்னாடி குப்பையைக் கிளறி வளந்த கோழின்னா ஓரளவுக்கு சரி. கடையில நாட்டுக்கோழின்னு கிலோவுக்கு ரெட்டிப்பு விலை வச்சு விக்கிறதுல நிறைய, கொட்டகையில தீவனம் போட்டு வளத்த கலப்பினம். தீவனம் வந்துட்டா கேள்வியும் கூடவே வந்துரும்.

அப்ப கோழி வளர்ப்பே மருந்து இல்லாம நடக்காதான்னு கேட்டா, நடக்கும். டென்மார்க்ல 1998-ல கறிக்கோழி வளக்குறவங்க தாங்களே எடை கூட்டுற மருந்தை நிறுத்துனாங்க. கோழி கொத்துக் கொத்தாச் சாகும்னு பயமுறுத்துனாங்க, சாகலை. தீவனச் செலவு லேசாக் கூடுச்சு, அவ்வளவுதான். கொட்டகையில நெரிசலைக் குறைக்கிறது, தரையில போட்ட உமியைக் காய வைக்கிறது, தண்ணியைச் சுத்தமா வைக்கிறது, தடுப்பூசியைச் சரியான நாள்ல போடுறது. இதையெல்லாம் செய்யாம மிச்சம் பிடிக்கிறதுக்குப் பேருதான் ஆன்டிபயாட்டிக். எங்க ஆபீஸ்ல டெஸ்டிங்க்குக் காசு குடுக்காம, ரிலீஸ் அன்னிக்கு ராத்திரி பேட்ச் போடச் சொல்லுவாங்களே, அதே புத்தி.

மனுசங்க பக்கமும் யோக்கியம் இல்லை. 2014 மார்ச்ல இருந்து ஹெச்1 பட்டியல்னு ஒண்ணு இருக்கு. அதுல இருக்கிற ஆன்டிபயாட்டிக்கைச் சீட்டு இல்லாம விக்கக் கூடாது, வாங்குனவன் பேரை நோட்டுல எழுதணும். எத்தனை மெடிக்கல்ல எழுதுறாங்க? குமுளி மலை ஏறுனா அந்தப் பக்கம் கேரளா. 2018-ல இதுக்குன்னு மாநிலத் திட்டம் போட்டாங்க, 2024 ஜனவரியில ஆபரேசன் அம்ரித்னு பேரு வச்சு மருந்துக்கடைகள்ல திடீர் சோதனை நடத்துனாங்க. நம்ம கோழி தினமும் வண்டி ஏறி அந்த மலை தாண்டிப் போகுது. அவங்க கொள்கை மட்டும் இந்தப் பக்கம் இறங்கி வர மாட்டேங்குது.

2010-ல என்டிஎம்-1 கட்டுரை வந்தப்ப, பாக்டீரியா ஜீனுக்கு டெல்லி பேரு வச்சுட்டான்னு நாடே குதிச்சுச்சு. அந்தக் கட்டுரையோட முதல் ஆசிரியர் சென்னைப் பல்கலைக்கழகத்துல இருந்த கார்த்திகேயன் குமாரசாமி, நம்ம ஆளு. பேரு வச்சதுக்கு வந்த கோபத்துல கால்வாசி, கிருமி இருக்கிறதுக்கு வந்திருந்தா எங்கயோ போயிருப்போம். அதுக்கு ரெண்டு வருசம் கழிச்சு 2012-ல டாக்டருங்க எல்லாம் கூடி சென்னைப் பிரகடனம்னு ஒண்ணு எழுதுனாங்க. இந்த விசயத்துல இந்தியாவுக்கே வழி காட்டுன ஊரு சென்னை. அந்த மாநிலத்துலதான் கோழி முக்குற தண்ணியை மாத்தச் சொல்ல ஆள் இல்லை.

நான் கேக்குறது பெருசா ஒண்ணும் இல்லை. கோழிக்கு மருந்து வேணும்னா கால்நடை டாக்டர் சீட்டு வேணும், அந்தச் சீட்டுக்கு ஒரு கணக்கு வேணும். தீவன மூட்டையில உள்ள என்ன மருந்து இருக்குன்னு தமிழ்ல அச்சடிக்கணும். கறிக்கடைக்கு லைசென்ஸ் குடுக்குற பேரூராட்சியே ஓடுற தண்ணிக்கும் கழுவுற மாதிரி ஒரு பலகைக்கும் ஏற்பாடு பண்ணணும், செலவைக் கடைக்காரர் தலையில மட்டும் கட்டக் கூடாது. கிலோவுக்கு அஞ்சு ரூவா கூடுனா நாமளும் முணங்காமக் குடுக்கணும்.

அப்புறம் ஒரு ஆசை. தேனியில 2020-ல கால்நடை மருத்துவக் கல்லூரி வந்துருச்சு. கானாவிலக்குல மனுசங்களுக்கு அரசு மருத்துவக் கல்லூரி 2004-ல இருந்து இருக்கு. ஒரே மாவட்டம். இவங்க கோழிக்கடைக் கட்டையில தடவி எடுத்த கல்ச்சரையும், அவங்க வார்டுல எடுத்த கல்ச்சரையும் மாசா மாசம் ஒரே ஷீட்ல பக்கத்துல பக்கத்துல வச்சு ஊருக்குக் காட்டலாம். எந்த ஆர் எங்க இருந்து கிளம்புதுன்னு அப்பவாவது ஒரு தடம் கிடைக்கும். டேட்டாவை அடுக்கி எடுக்க ஆள் வேணும்னா சொல்லுங்க, சனி ஞாயிறு நான் ஊர்லதான் இருப்பேன்.